சோழவரத்துல மூணாவதா வந்தவர்

மெட்ராஸ்ல இருக்குற உங்களுக்கு சோழவரம்னா ஏரி. வீராணம்னாலும் ஏரிதான். ரெண்டும் உங்க குழாய்க்குத் தண்ணி கொடுக்குற இடம். வீராணம் எங்க குமராட்சிக்குப் பக்கத்துல இருக்கு, அதைப் பத்தி இங்க நிறைய எழுதியாச்சு. இன்னைக்கு சோழவரத்தைப் பத்தி எழுதுறேன். ஏரியைப் பத்தி இல்லை. அங்க இருந்த ரேஸ் மைதானத்தைப் பத்தி.

ரெண்டாம் உலகப்போர் சமயத்துல விமானம் இறங்குறதுக்காக அங்க ஒரு ஓடுதளம் போட்டாங்க. சண்டை முடிஞ்சு வெள்ளைக்காரனும் போயிட்டான், ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953-ல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அவங்க நடத்துன கார் ரேஸ், பைக் ரேஸ் எல்லாம் அந்த ஓடுதளத்துலதான். கல்கத்தாவுலேர்ந்தும் பம்பாயிலேர்ந்தும் ஆளுங்க வண்டியை ஏத்திக்கிட்டு வருவாங்க. கோயம்புத்தூர் கரிவரதன் அங்க ஓட்டியிருக்காரு. விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் பந்தயத்துல ஓடுன பழைய காரையே கொண்டாந்து ஓட்டியிருக்காரு. 1990-ல இருங்காட்டுக்கோட்டையில கிளப்புக்கே சொந்தமா ஒரு தடம் வந்த பிறகு சோழவரத்துக் கதை முடிஞ்சுபோச்சு.

குமராட்சி விவசாயிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சம்பந்தம் எங்க சித்தப்பா.

சித்தப்பாவுக்கு இப்ப எழுபத்தெட்டு வயசு. இருபது வயசு சுமாருக்கு ஊரை விட்டுப் போயி திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனியில வேலைக்குச் சேந்தவரு. அந்தக் கம்பெனி 1955-ல வந்தது. இங்கிலாந்துல ரெட்டிச்னு ஒரு ஊரு, அங்கதான் ராயல் என்ஃபீல்டு புல்லட் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நம்ம ராணுவத்துக்கு வண்டி நிறைய வேணும்னதும், மெட்ராஸ் மோட்டார்ஸ்காரங்க அவங்களோட சேந்து இங்கயே கம்பெனி போட்டாங்க. 1970 வாக்குல இங்கிலாந்துக்காரன் கடையைச் சாத்திட்டான். திருவொற்றியூர்ல மட்டும் புல்லட்டு நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு. தாய்வீடு இடிஞ்சு போயி, கட்டிக்கொடுத்த வீட்டுல பொண்ணு நல்லா இருக்குற மாதிரி.

சித்தப்பா வேலையை விட்டுட்டு ஊருக்கு வரும்போது ஒரு டீசல் புல்லட்டோட வந்தாரு. டாரஸ்னு பேரு. கிரீவ்ஸ் லம்பார்டினி கம்பெனியோட 325 சிசி டீசல் இஞ்சின் வச்சது. லிட்டருக்கு எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது, ஆனா அறுபத்தஞ்சுக்கு மேல விரட்டவும் முடியாது. சாலையில வந்தா தண்ணி இறைக்கிற இஞ்சின் ஒண்ணு நடந்து வர்ற மாதிரி சத்தம். ரொம்ப வருசம் எங்க ஊருக்கு அதுதான் காலைச் சங்கு.

போன வருசம் சித்தப்பாவுக்கு திருவொற்றியூர்லேர்ந்து ஒரு போன். கூட வேலை பாத்த சிநேகிதரோட பொண்ணு. அந்தச் சிநேகிதர் செத்து அஞ்சாறு வருசம் ஆச்சு. பொண்ணு கேட்டது இதுதான்: "மாமா, அப்பா ரேஸ் ஓட்டுனேன் ஓட்டுனேன்னு சொல்லுவாரே, அது நிஜமா? வீட்டுல ஒரு சின்னக் கப்பு இருக்கு. அதுல பேரும் இல்ல, வருசமும் இல்ல. என் பையன் இதை மூர் மார்க்கெட்ல வாங்குனதாத்தான் இருக்கும்னு சிரிக்கிறான்."

சித்தப்பாவுக்கு வந்த கோவத்தைப் பாக்கணும். "நான்தாண்டா அவனுக்கு ஸ்பேனர் புடிச்சேன்" அப்படின்னாரு. சிநேகிதர் வச்சிருந்தது மூணு கை மாறி வந்த சொந்தப் புல்லட். ஹெட்லைட்டையும் சைலன்சரையும் கழட்டி, கார்புரேட்டர்ல ஜெட்டை மாத்தி, ராத்திரியெல்லாம் ரெண்டு பேரும் உக்காந்து தயார் பண்ணி, சோழவரத்துக்கு ஓட்டிக்கிட்டே போயிருக்காங்க. 350 சிசி வண்டிகளுக்கான ஒரு ஓட்டத்துல அவரு மூணாவதா வந்தாரு. 1978, இல்லன்னா 79. திரும்பி வரும்போது பின்சீட்டுல உக்காந்து கப்பை மடியில வச்சுக்கிட்டு வந்தது சித்தப்பாதான்.

எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்புறம், "நீதான் படிக்கிறவனாச்சே. இதை யாராவது எழுதி வச்சிருப்பாங்களாடா?"ன்னு கேட்டாரு.

சித்தப்பாவுக்கு ஞாபகம் கலங்க ஆரம்பிச்சிருக்கு. காலையில சாப்பிட்டது இட்லியா கஞ்சியான்னு சித்தியைக் கேக்குறாரு. அன்னைக்கு மாத்துன ஜெட்டோட நம்பரை மட்டும் மறக்கலை. ஆனா அதுவும் எத்தனை நாளைக்கோ. அதனால நான் கொஞ்சம் அவசரமாத்தான் தேட ஆரம்பிச்சேன்.

ஒரு லைப்ரரியில பழைய இங்கிலீஷ் பேப்பர் கட்டுகளைப் புரட்டுனேன். எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ், எழுத்துக்கூட்டிப் படிச்சிடுவேன். சோழவரம் செய்தி வருது, ஆனா கார்தான் பெருசா வருது. ராஜா வீட்டுப் பிள்ளைங்க பேரு, மில் முதலாளிங்க பேரு, ஜெயிச்சவங்க பேரு. பைக்குல மூணாவதா வந்த ஒரு தொழிலாளி பேரு நான் புரட்டுன கட்டுகள்ல கிடைக்கலை. போதாக்குறைக்கு பாதிப் பக்கத்தை யாரோ பிளேடு வச்சு அறுத்துக்கிட்டுப் போயிருக்காங்க.

அப்பத்தான் அக்கா மகன்கிட்ட சொன்னேன். அவன் மான்செஸ்டர்ல வேலை பாக்குறான். "மாமா, பழைய பைக் ரேஸ்னா இங்க ஸ்பீட்வேன்னு ஒண்ணு இருக்கு. அதைப் பத்தி இங்க இருக்குற தாத்தாங்க எழுதி வச்சிருக்குறதைப் பாத்தா மிரண்டுடுவீங்க"ன்னான்.

ஸ்பீட்வேன்னதும் எனக்குத் தெரிஞ்சது கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்குற கரி மோட்டார் ஸ்பீட்வே. கரிவரதன் 1995-ல சின்ன விமானம் விழுந்து செத்துப்போன பிறகு அவரு பேர்ல வச்ச தடம். அது தார்ரோடு. இங்கிலாந்து ஸ்பீட்வே வேற சாதி. கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா மண்ணுல வண்டி ஓட்டுறவனுக்கு இது சாதாரண விசயம் இல்ல.

முட்டை வடிவத்துல ஒரு சின்னத் தடம். சுத்தளவு முன்னூறு நானூறு மீட்டருக்குள்ள இருக்கும். தார் கிடையாது. அந்தக் காலத்துல பாய்லர்ல எரிஞ்ச நிலக்கரிச் சாம்பலைக் கொட்டிப் பரப்பியிருப்பாங்க, நம்ம ரைஸ் மில் சாம்பலை ரோட்டுல கொட்டுற மாதிரி. நாலே பேரு, நாலே சுத்து, ஒரு நிமிசத்துல முடிஞ்சிடும். வண்டி 500 சிசி, ஒத்தைச் சிலிண்டர், ஓடுறது மெத்தனால்ல. கியர் ஒண்ணுதான். பிரேக்கு கிடையவே கிடையாது! முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

பிரேக்கு இல்லாம எப்படித் திரும்புவான்? இடது பக்கம் வளைவு வரும்போது ஆக்சிலேட்டரைக் குறைக்காம, பின்சக்கரத்தை வெளியில வழுக்க விடுவான். வண்டி குறுக்கால போகும். முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம், அதாவது வலது பக்கம் ஒடிச்சு வச்சுக்குவான். இடது கால் பூட்சுக்கு அடியில இரும்பு லாடம் மாதிரி ஒண்ணு கட்டியிருக்கும், அதைத் தரையில தேய்ச்சுக்கிட்டே போவான். பயந்து ஆக்சிலேட்டரை மூடுனான்னா பின்சக்கரம் சட்டுன்னு மண்ணைப் புடிச்சுக்கும், ஆளைத் தூக்கி எறிஞ்சிடும்.

இதை நான் படிச்சுச் சொன்னதும் சித்தப்பா, "இது தெரியாதாடா, ஐப்பசியில நம்ம வாய்க்கால் வரப்புல எல்லாரும் ஓட்டுறதுதான்"னாரு. வாஸ்தவம். எங்க பக்கத்து மண்ணு களி. மழை பேஞ்ச வரப்புல எக்ஸெல் வண்டியில ரெண்டு மூட்டை யூரியாவைப் போட்டுக்கிட்டு வாங்க, பின்சக்கரம் வழுக்குற இடத்துல பிரேக்கைப் புடிச்சவன் வாய்க்கால்ல கிடப்பான். அது போற பக்கமே ஹேண்டில்பாரை ஒடிச்சு, ஆக்சிலேட்டரை விடாம, காலை ஊனி ஊனி வந்தவன் வீடு வந்து சேருவான். ஆனா வெள்ளைக்காரன் அதை மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல பண்ணியிருக்கான். நாம பத்துல பண்றோம்.

இன்னொரு விசயம். அந்த வண்டிகளுக்கு ஊத்துன ஆயில் ஆமணக்கெண்ணெய்ல செஞ்சது. அது சூட்டை நல்லாத் தாங்கும். காஸ்ட்ரால்ங்குற பேரே ஆமணக்குக்கு இங்கிலீஷ்ல சொல்ற காஸ்டர்லேர்ந்து வந்ததுதான். ஸ்பீட்வே பாத்த கிழவங்க எல்லாரும் மறக்காம எழுதுறது அந்த வாசனையைத்தான். சோழவரத்துலயும் சில வண்டிங்க பக்கத்துல அந்த வாசனை வரும்னு சித்தப்பா சொல்றாரு. எங்க வயலோரத்துல தானா முளைச்சு நிக்கிற ஆமணக்கைக் காட்டி, இந்த வாசனைதானான்னு கேட்டேன். "காயிலயா வரும்? காய்ச்சுனாத்தாண்டா வரும்"னு திட்டுனாரு.

இந்த ஆட்டம் பொறந்த கதையும் எனக்குப் புடிச்சிருக்கு. ஆஸ்திரேலியாவுல மெயிட்லாண்டுனு ஒரு ஊரு. அங்க விவசாயச் சங்கத்துக்குச் செயலாளரா இருந்தவரு ஜானி ஹாஸ்கின்ஸ், நியூசிலாந்துக்காரரு. 1923 டிசம்பர்ல சங்கத்து மைதானத்துல மின்சார வெளிச்சம் போட்டு ஒரு விழா வச்சாரு. மாடு, குதிரை காட்டுற இடத்துல மோட்டார் சைக்கிளை ஓட விட்டாரு. கூட்டம் பிச்சுக்கிச்சு. பைக் ரேஸுக்கு மூலம் ஒரு விவசாயக் கண்காட்சி! அதுக்கு முன்னாடியே ஆஸ்திரேலியாவுலயும் அமெரிக்காவுலயும் மண்தடத்துல ஓட்டியிருக்காங்கன்னு இப்ப ஆராய்ச்சி பண்றவங்க மறுக்குறாங்க. எனக்கு அந்த விவசாயச் சங்கக் கதையை விட மனசு வரலை.

இங்கிலாந்துக்கு அது எப்ப வந்துச்சுங்குறதுல பெரிய வம்பே நடக்குது. லண்டனுக்குப் பக்கத்துல ஹை பீச்னு ஒரு இடம், 1928 பிப்ரவரி 19-ந் தேதி. அதுதான் முதல் போட்டின்னு ரொம்ப காலமாச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்சப் பேரு வருவாங்கன்னு நினைச்சு நடத்துன இடத்துக்கு ஆயிரக்கணக்குல ஜனம் வந்து, தடத்துக்குள்ளயே நின்னுருக்காங்க. ஆனா 1927 மே மாசமே கேம்பர்லியில ஒண்ணு நடந்துருக்குன்னு ஒரு கட்சி. அது மணல்தடம், சுத்துனதும் கடிகார முள் சுத்துற பக்கம், அதனால அது ஸ்பீட்வே கணக்குல சேராதுங்குறது எதிர்க்கட்சி. அதே வருசம் ஜூன்ல மான்செஸ்டர் பக்கம் டிராய்ல்ஸ்டன்ல நடந்ததுதான் முதல்னு இன்னொரு கட்சி. எங்க ஊருக்கு முதல் டிராக்டர் வாங்குனது யாரு வீடுன்னு டீக்கடையில இன்னும் சண்டை நடக்குது, அது மாதிரிதான். ஆனா அவங்க சண்டையில ஒரு அழகு இருக்கு. ஒவ்வொருத்தனும் கையில ஒரு காகிதத்தை வச்சுக்கிட்டுச் சண்டை போடுறான்.

அந்தக் காகிதத்துக்குத்தான் வர்றேன். அக்கா மகன் போன பொங்கலுக்கு வந்தப்ப எனக்கு ஒரு சின்னப் புத்தகம் கொண்டாந்தான். மான்செஸ்டர் பெல் வியூ மைதானத்துல 1970-கள்ல நடந்த ஒரு போட்டியோட நிகழ்ச்சி நிரல். ஒரு பழைய சாமான் கடையில ஒண்ணு ரெண்டு பவுண்டுக்கு வாங்குனானாம். உள்ள ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நாலு பேரு அச்சடிச்சிருக்கு. பக்கத்துல காலிக் கட்டம். முதல்ல வந்தவருக்கு 3, அடுத்து 2, 1, கடைசிக்கு 0. பாக்க வந்த ஜனங்களே பென்சிலால அதை நிரப்பணும். மொத்தத்தையும் கூட்டிக்கிட்டே வரணும். என் கையில இருக்குற புத்தகத்தை யாரோ ஒருத்தர் ஒரு கட்டம் விடாம நிரப்பியிருக்காரு. ஒரு இடத்துல மழைத்துளி விழுந்து பென்சில் கலைஞ்சிருக்கு. அதுக்கு மேலயே மறுபடி எழுதியிருக்காரு.

இது மாதிரி லட்சக்கணக்கான புத்தகம் வீடுகள்ல இருந்துருக்கு. 1929-லேர்ந்து லீக் போட்டி நடக்குது. வெம்பிளி மைதானத்துலயே சண்டைக்கு அப்புறம் அறுபதாயிரம் எழுபதாயிரம் பேரு வந்த ராத்திரி எல்லாம் உண்டு. 1981-ல புரூஸ் பென்ஹால்ங்குற அமெரிக்கர் ஜெயிச்சதுதான் வெம்பிளியில நடந்த கடைசி உலக இறுதிப் போட்டி. அதுக்கப்புறம் ஆட்டம் தேஞ்சுக்கிட்டே வந்துச்சு. பெல் வியூவோட பழைய மைதானத்தை 1987-ல மூடிட்டு கார் ஏலம் விடுறதுக்குக் கொடுத்துட்டாங்க. பல ஊர்ல மைதானம் வீடாச்சு, கடையாச்சு. சிதம்பரம் ரோட்டுல நஞ்சை வயல்ல கலர்க் கல்லு நட்டு மனை போடுறதை நான் தினம் பாக்குறேன், எனக்கு அதை யாரும் விளக்க வேண்டாம்.

ஆனா மைதானம் போன பிறகும், ரிட்டயர்டு போஸ்ட்மேன், பஸ் டிரைவர், வாத்தியார்னு சாதாரண ஆளுங்க ஒண்ணு சேந்து, அந்தப் பென்சில் எழுத்தை எல்லாம் வச்சு, எந்த ராத்திரி எந்த ஓட்டத்துல யாரு எத்தனாவது வந்தாங்குறதை வரிசையா எழுதிட்டாங்க. பெல் வியூவுக்கு ஓட்டுன பீட்டர் கிரேவன்னு ஒருத்தர், சின்ன உருவம், 1955-லயும் 1962-லயும் உலகச் சாம்பியன். 1963 செப்டம்பர்ல எடின்பரோவுல விழுந்தாரு, நாலாம் நாள் உயிர் போச்சு. அவரு பேரு நிக்கிறது பெரிய விசயம் இல்ல, அவரு சாம்பியன். அதே ராத்திரி கடைசியா வந்து சைபர் வாங்குனவன் பேரும் இருக்குன்னா, அதுதான் எனக்குத் தொண்டையை அடைச்சுது.

அந்த ஊர்க்காரங்க புத்திசாலிங்க, நாம ஏமாளிங்கன்னு நான் சொல்ல வரலை. அங்க சீட்டு வாங்கி உள்ள வந்தவன் கையில ஒரு புத்தகத்தையும் கொடுத்து, கட்டத்தையும் விட்டுட்டான். கட்டம் இருந்தா ஜனம் நிரப்பும். எங்க தாத்தா காலண்டர்ல மழையைக் குறிச்சு வச்சாரு, கொள்ளிடத்துல தண்ணி வந்த நாளைக் குறிச்சு வச்சாரு. காலண்டர்ல கட்டம் இருந்துச்சு, அதான்.

ஒரு சின்ன ஒட்டுறவு இதுல இருக்கு. அறுபதுகளுக்கு அப்புறம் ஸ்பீட்வேயில நிறைய ஜெயிச்சது ஜாவா வண்டி, செக் நாட்டுக்காரன் செய்யறது. ஆறு தடவை உலகச் சாம்பியன் ஆன ஐவன் மாகர் அதுல ஜெயிச்சிருக்காரு. அதே ஜாவாதான் மைசூர்ல ஐடியல் ஜாவான்னு வந்து, அப்புறம் யெஸ்டின்னு பேரு மாறுனது. எங்க பள்ளிக்கூடத்துக்கு அதுல வந்த சார் ஒருத்தர், உதைக்கிற கட்டையையே மடக்கி கியர் கட்டையா மாத்துறதை நாங்க சுத்தி நின்னு பாப்போம். சோழவரத்துலயும் புல்லட்டுக்கு முக்கியமான எதிரி யெஸ்டிதான்னு சித்தப்பா சொல்றாரு. சொல்லும்போது இன்னமும் அவரு முகம் கடுகடுன்னு ஆகுது.

மான்செஸ்டர்ப் புத்தகத்தை நான் சித்தப்பா கையில கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. பென்சில் எழுத்தை விரலால தடவுனாரு. "இது மாதிரி ஒண்ணு நம்மகிட்டயும் இருக்குடா"ன்னாரு.

ஓட்டு வீட்டுப் பரண்ல அவரோட தகரப் பெட்டி. ஏணி போட்டு இறக்குனோம். பெட்டிக்கு அடியில துரு ஓட்டை, அது வழியா கரையான் போயிருக்கு. கம்பெனி அடையாள அட்டை, சித்தி எழுதுன லெட்டர்கள், ஒரு ஸ்பேனர், அதுக்கு அடியில சோழவரம் புரோகிராம் ஒண்ணு. மேல் அட்டை இல்ல. அதனால வருசம் போச்சு. பக்கங்களோட இடது ஓரம் முழுக்க அரிச்சு, பேரு இருந்த இடமெல்லாம் புத்துமண்ணு. 350 சிசி பக்கத்துல நம்பர் வரிசை மட்டும் தப்பிச்சிருக்கு. 27-ம் நம்பருக்கு நேரா பென்சில்ல ஒரு 3. சித்தப்பா கையெழுத்துதான், அவரு 3-க்குத் தலையில ஒரு கொக்கி போடுவாரு. அங்க 3-னா மூணு பாயிண்ட் இல்ல, மூணாவது இடம்.

சித்தப்பா அதைப் பாத்துட்டு சிநேகிதர் பேரைச் சத்தமாச் சொன்னாரு. ரெண்டு தடவை.

பக்கத்தைப் போட்டோ எடுத்து திருவொற்றியூருக்கு அனுப்புனோம். அந்தப் பொண்ணு வீட்டுல தேடி ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவை அனுப்பிச்சு. அப்பா வண்டி மேல உக்காந்திருக்காரு. முன்னாடி வண்டியில கட்டுன நம்பர்த் தகடு. அதுக்குக் குறுக்கால தோளைக் காட்டிக்கிட்டு ஒரு ஆளு நிக்கிறாரு. தகட்டுல தெரியிறது 7 மட்டும். அந்தத் தோளு சித்தப்பாவோடதான்னு சித்தி சொல்றாங்க. சித்தப்பா ஒத்துக்க மாட்டேங்குறாரு. "நான் அவ்வளவு ஒல்லியா இருந்ததே இல்ல"ங்குறாரு.

பொண்ணுக்கு அதுவே போதும்னு சொல்லிட்டாங்க. பேரன் இப்ப சிரிக்கிறதில்லையாம், கப்பைத் துடைச்சு டிவி பக்கத்துல வச்சிருக்கானாம். எனக்குத்தான் போதலை. பேரு உள்ள பக்கம் எங்கயாவது கரையான் படாம இருக்கும்னு தோணுது.

இதைப் படிக்கிறவங்க நிறையப் பேரு மெட்ராஸ்காரங்க. உங்க அப்பா, மாமா, தாத்தா யாராவது எழுபதுகள்ல சோழவரம் போயிருந்தா, அவங்க இருக்கும்போதே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. பரண்ல, பீரோவுக்கு மேல, பழைய சூட்கேஸ்ல புரோகிராமோ போட்டோவோ இருக்கலாம். பழைய பேப்பர்காரருக்கு எடை போடுறதுக்கு முன்னாடி 350 சிசி பக்கத்துல 27-ம் நம்பர் யாருன்னு மட்டும் பாத்து எனக்கு ஒரு வரி எழுதுங்க. சம்பா அறுப்பு ஆரம்பிச்சிருக்கு, அதுக்கு அடுத்து உளுந்து இருக்கு. பதில் போட ரெண்டு மூணு நாள் ஆகும்.